ஃபுல் டேங்க் போட்டால் மட்டும் வந்த பெட்ரோல் நாற்றம்

பொள்ளாச்சியில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, பின்சீட்டில் படுத்திருந்த மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையில் குழந்தை வாந்தி எடுப்பதில் வியப்பு இல்லை என்பதால், “அப்பா, பங்க் நாத்தம் அடிக்குது” என்று அவள் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. மறுநாள் காலையில் கண்ணாடிகளை மூடி நிறுத்தியிருந்த வண்டியின் கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்த நெடிதான் அவள் சொன்னது சரி என்பதை எனக்கு உணர்த்தியது.

எங்களுடையது 2012ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் கார். கோவை திரும்பிச் சில நாட்கள் கழித்து அதை ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். அதற்குள் டேங்கில் கால்வாசிதான் மீதி இருந்தது, நாற்றமும் இல்லை. அவர்கள் ஏசி ஃபில்டரை மாற்றி, உள்ளே வாசனைத் திரவம் அடித்து, 1,450 ரூபாய்க்குப் பில் கொடுத்தார்கள். அடுத்த முறை டேங்கை நிரப்பிய அன்று மாலையே, அந்த வாசனைத் திரவத்தையும் மீறிக்கொண்டு பெட்ரோல் நெடி வந்தது.

அதன் பிறகுதான், நாற்றம் எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று எழுதிவைக்கத் தொடங்கினேன். இரண்டு வாரக் குறிப்புகளில் ஒன்று தெளிவானது: டேங்க் முக்கால் அளவுக்கு மேல் இருக்கும்போதும், வண்டி மேட்டில் ஏறும்போதும், நிழலில் அல்லாமல் வெயிலில் நின்ற பிறகும்தான் பின்சீட்டில் நெடி வருகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தங்கும். முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டிய எனக்குத் தெரியாதது, பின்னால் படுத்திருந்தவளுக்குத் தெரிந்ததற்குக் காரணம் அதுவே. தீப்பொறி ஒன்று போதும் என்ற நிலையில் அந்த இரண்டு வாரமும் குடும்பத்தோடு வண்டியை ஓட்டியது என் மடமை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

குறிப்புகளைக் கேட்ட எங்கள் பகுதி மெக்கானிக், வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே, “டேங்க் நிறைஞ்சா மட்டும் வருதுன்னா மேல்பக்கம்தான் சார் கசியுது. அடியில ஓட்டைன்னா கால் டேங்க்லயும் வரும்” என்றார். டேங்கைக் கால் அளவுக்கும் கீழே குறைத்துக்கொண்டு வரச் சொன்னார்.

அவர் வேலை செய்த முறையில் அவசரம் சிறிதும் இல்லை. வண்டியை ஷெட்டுக்கு வெளியே, நான்கு கதவுகளையும் திறந்துவைத்து வேப்பமர நிழலில் நிறுத்தினார். டேங்கிலிருந்து பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் ஃப்யூல் பம்ப்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலேவைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டார். குழாயில் தேங்கியிருக்கும் அழுத்தம் அவ்வாறுதான் இறங்கும். பிறகு பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினார். பின்சீட்டைத் தூக்கி, அதற்கடியில் இருந்த வட்டத் தகட்டின் நான்கு ஸ்க்ரூக்களை எடுத்ததும், டேங்கின் மேல்பக்கத்தில் பொருத்தியிருந்த பம்ப்பின் தலைப்பகுதி தெரிந்தது. வெளியே தூசி அடையாகப் படிந்திருக்க, ஒரு பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் ஈரமாகக் கறுத்திருந்தது.

பம்பை அழுத்திப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் வளையத்தை, இரும்பு உளி தொடாமல், மரக்கட்டையை வைத்துத் தட்டித் திருப்பினார். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் உப்பி, ஓரிடத்தில் பள்ளத்திலிருந்து விலகி மடிந்திருந்தது. எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று பக்கத்தில் நின்றவர் ஒருவர் சொன்னார். இப்போதெல்லாம் வண்டியில் எது கெட்டாலும் எத்தனால் மீது பழி போடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் எங்கள் வண்டிக்கு ஓராண்டுக்கு முன்பு வேறோர் இடத்தில் பம்ப் மாற்றியிருந்தோம். பெட்ரோலில் ஊறி உப்பிய வாஷரைக் கழற்றினால் அது மீண்டும் தன் பள்ளத்தில் சரியாக உட்காராது. புதியதுதான் போட வேண்டும். புதுப் பம்ப்புக்குப் பழைய வாஷரையே போட்டிருந்தார்கள் என்பது அதன் மடிப்பைப் பார்த்தாலே விளங்கியது. புதிய வாஷர் 180 ரூபாய், கூலி 600 ரூபாய்.

டேங்கை நிரப்பிப் பார்த்தோம். பின்சீட்டில் நாற்றம் இல்லை. ஆனால் சிக்னலில் நிற்கும்போது, முன்னால் ஏசி துவாரத்திலிருந்து மெல்லிய நெடி ஒன்று வந்தது. உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்தினால் அது நின்றது. வெளிக்காற்றுக்கு மாற்றினால் திரும்ப வந்தது. வாஷர் கசிந்த நாட்களில் இதே பொத்தானை அழுத்தியபோது நெடி கூடியிருக்கிறது. ஆகவே இது வெளியிலிருந்து, அதாவது பானட் பக்கத்திலிருந்து வருகிறது என்று நானே சொல்லிவிட்டேன். மெக்கானிக் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

டேங்கில் உண்டாகும் ஆவியைப் பிடித்துவைத்து, பின்னர் எஞ்சினுக்கு அனுப்பும் கரி நிரப்பிய டப்பா ஒன்று எங்கள் வண்டியில் பானட்டுக்குள் இருக்கிறது. அதைக் கழற்றிச் சாய்த்ததும் பெட்ரோல் சொட்டியது. ஆவி மட்டுமே போக வேண்டிய இடத்திற்குத் திரவம் போனது எப்படி என்று அவர் கேட்டபோது, நான் பதில் சொல்லத் தயங்கினேன். நாசில் ‘கிளிக்’ என்று நின்ற பிறகும், தொகை முழு நூறாகும் வரை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வது என்னுடைய பல ஆண்டுப் பழக்கம். ஊறிப்போன கரி காய்ந்து பழைய நிலைக்கு வராது என்பதால் டப்பாவையே மாற்ற நேர்ந்தது; செலவு 2,400 ரூபாய்.

இப்போது பங்கில் பையன், “ரவுண்ட் பண்ணிடலாமா சார்?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, 1,873 ரூபாயோ 1,912 ரூபாயோ, நின்ற இடத்துக்குக் காசு கொடுக்கிறேன். அரையாண்டு விடுமுறையில், நிறைந்த டேங்கோடு மீண்டும் வால்பாறைக்குப் போனோம். வண்டிக்குள் நாற்றம் துளியும் இல்லை. ஒன்பதாவது வளைவில் மகள் வாந்தி எடுத்தாள்.