சிறுத்தைக் கூண்டில் சோலைமந்தி: மாற்றத்தின் நாட்குறிப்பு

மே 6

எங்கள் உயிரியல் பூங்காவின் சிறுத்தைக் கூண்டைச் சோலைமந்திகளுக்காக மாற்றும் வேலை தொடங்கியாயிற்று. சிறுத்தைகள் இரண்டும் காலையில் பின்பக்கக் கொட்டடிக்குப் போய்விட்டன. மயக்க ஊசி தேவைப்படவில்லை. மூன்று வாரமாகப் பெட்டியைக் கூண்டுக் கதவோடு பிணைத்து வைத்து, அன்றாட இறைச்சியை அதற்குள்ளேயே போட்டுவந்ததால் தானாக நடந்து ஏறின. மே வெயிலில் மயங்கிக் கிடக்கும் விலங்கின் உடல்சூட்டைக் கட்டுக்குள் வைப்பது பெரிய பாடு. பழக்கினால் அந்த வம்பு இல்லை.

ஏன் இந்த மாற்றம்? ஊருக்குள் பிடிபட்டு, திரும்பக் காட்டில் விட முடியாத சிறுத்தைகள் பூங்காக்களில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. இங்கே அவற்றைக் காட்ட இன்னொரு கூண்டும் உண்டு. சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் காட்டில் இல்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு அணையில் மூழ்காமல் தப்பி 1984இல் தேசியப் பூங்காவானதில் இந்தக் குரங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

காகித வேலை ஓர் ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 38-I: மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் முதல் அட்டவணை விலங்கு (சட்டம் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் பட்டியலில் உள்ளது) ஒரு பூங்காவிலிருந்து மற்றொன்றுக்கு நகரக் கூடாது. பெட்டி தயார், லாரி தயார், கடிதம் மட்டும் வரவில்லை என்று விலங்கு ஒரு பருவம் காத்திருப்பது சகஜம்.

மே 9

கழுவும் நாள். நமக்கு மணக்காவிட்டாலும் குரங்குக்குச் சிறுத்தை மணம் தெரியும். அந்த மணம் இருக்கும் அறையில் குரங்கு இறங்கித் தூங்காது.

எல்லோரும் செய்யும் தவறு, எடுத்த எடுப்பில் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டுவது. சிறுநீர் ஊறிய தரையில் அம்மோனியா இருக்கும். ப்ளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் நச்சுப்புகை கிளம்பும். அழுக்கு இருக்கும்வரை ப்ளீச் வேலை செய்வதும் இல்லை. ஆகவே முதலில் சுரண்டல், பிறகு சோப்புத்தண்ணீர், தாராளமாக நீர் விட்டு அலசல், ஒரு நாள் காயல். அதன்பின் லிட்டருக்கு 15 முதல் 20 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்த நீரைத் தெளித்து, மீண்டும் அலசல். கம்பிக்கும் சிமென்ட் வெடிப்புகளுக்கும் ப்ளோலேம்ப் சுடர். சுவருக்கு இரண்டு கோட் சுண்ணாம்பு. மரப்பலகைகளைக் கழுவிப் பயனில்லை, எரித்துவிட்டோம்.

மே 20

கதவுகள். பணமும் நாளும் அதிகம் தின்றது இதுதான். பார்வையாளர் கண்ணில் படவே படாத வேலையும் இதுதான்.

சிறுத்தைக்கு இருந்தது மேலிருந்து விழும் கில்லட்டின் கதவு. குரங்குக்கு அது ஆகாது. கடைசி நொடியில் மனம் மாறித் திரும்பும், வால் வாசலில் கிடக்கும், கதவு அதன்மேல் விழும். நான்கு கதவுகளையும் பக்கவாட்டில் நகரும் கதவாக மாற்றியாயிற்று. முழுதாக மூடினாலும் 3 செ.மீ. இடைவெளி விடும்படி ரப்பர் முட்டு வைத்திருக்கிறது. கம்பியை இழுக்கும் இடத்திலிருந்து வாசல் தெரிந்தே ஆக வேண்டும். பழைய கட்டடத்தில் தெரியாது. சுவரில் ஒரு துளை போட்டுக் கண்ணாடி பதித்திருக்கிறது.

அதைவிட முக்கியம், ஒவ்வோர் அறைக்கும் இரண்டு வாசல். ஒரே வாசல் என்றால் மூத்த பெண் குரங்கு அதில் உட்கார்ந்துகொள்ளும், இளையது உள்ளேயே மாட்டிக்கொண்டு கடிபடும். மூன்று அறைகளையும் வட்டமாகச் சுற்றி ஓடும்படி இணைத்திருக்கிறது. துரத்தப்படுவது ஓடிக்கொண்டே இருக்க முடிந்தால் சண்டை பாதியில் நின்றுவிடும்.

சிறுத்தைக் கம்பிகளுக்கு இடையே குட்டிக் குரங்கு சுலபமாக நுழைந்து வெளியே வந்துவிடும். உள்பக்கம் முழுக்க 25 மி.மீ. கண் உள்ள வெல்ட்மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை. வெட்டிய கம்பி முனைகள் பணியாளர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் அழகுக்காக மாற்றி வைத்துவிடுவார்கள், விரலால் தடவிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

ஜூன் 11

அகழி. கம்பி இல்லாமல் பள்ளத்தால் விலங்கைப் பிரித்துக் காட்டுவதை 1907இல் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் ஹாகன்பெக் பூங்கா தொடங்கிவைத்தது. 1985இல் வண்டலூர் திறந்தபோது அதன் பெருமையே அகழி சூழ்ந்த திறந்தவெளிகள்தான். ஆனால் சிங்கத்துக்கான அகழிக் கணக்கு குரங்குக்குப் பொருந்தாது.

இங்கே குரங்குகளின் வெளித்திடலுக்கு மூன்று பக்கம் நீர், நாலாவது பக்கம் பழைய கூண்டுக் கட்டடம். பலகையில் ‘தீவு’ என்று எழுதுவோம், உண்மையில் இது நீருக்குள் நீட்டிய ஒரு மூக்கு. அகழி அகலம் 6 மீட்டர். தீவுப் பக்கம் முழங்கால் ஆழத்தில் சரிவாகத் தொடங்கி, பார்வையாளர் சுவரோரம் 1.2 மீட்டர் ஆழம். சரிவு எதற்கென்றால், நீர் அகழியில் குரங்குகள் மூழ்கிச் சாவது உண்டு. குட்டிகளும் சண்டையில் தள்ளப்பட்டவையும்தான் அதிகம். சரிவின் அடியில் சொரசொரப்பான கல் பதித்து, விளிம்பு நெடுகக் கம்பிவலை கிடத்தியிருக்கிறது, பிடித்து ஏற.

வெளிச்சுவருக்கு வழவழப்பான பூச்சு. மூலை கூடவே கூடாது. இரண்டு சுவர் சந்திக்கும் செங்கோண மூலையில் இருபுறமும் கைகால் ஊன்றி ஏறிவிடும். எல்லா மூலையும் வளைவாகப் பூசப்பட்டது. கொத்தனார் இரண்டு முறை உடைத்துக் கட்டினார்.

ஜூன் 24

மரங்கள். வெளியே நிற்கும் மரக்கிளைக்கும் தீவின் கடைசிக் கிளைக்கும் நடுவில் 8 மீட்டர். காற்றில் கிளை ஆடும், குரங்கு ஏறினால் தாழும். அளவைக் காற்றடிக்கும் நாளில் எடுக்கணும்.

அரளி, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி வேரோடு அகற்றம். அத்தி, இச்சி, மூங்கில் நட்டாயிற்று. இரண்டு மாதம் முன்னதாக நட்டாலும் முதல் வாரத்திலேயே தளிரை மொட்டையடித்துவிடும். அதனால் பாதி மரங்களுக்குத் தண்டைச் சுற்றி மின்கம்பி, மீதிப் பாதி தின்னவே விட்டது.

சோலைமந்தி தரைக்குரங்கு இல்லை. உயரத்தில் பாதை இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய புல்வெளியும் அதற்கு வெற்றிடம். பட்ட மரங்கள் ஐந்து நட்டு, இடையே பழைய தீயணைப்புக் குழாயைப் பின்னிக் கட்டியிருக்கிறது. தென்னங்கயிறு பார்க்க அழகு, ஒரு மழைக்காலம் தாங்காது. பிரிந்த இழையில் குட்டியின் கழுத்தோ விரலோ சிக்கும்.

ஜூலை 2

மின்வேலி. சுவரின் தலைப்பில் ஐந்து கம்பி, 10 செ.மீ. இடைவெளி. கம்பிக்கு மின்துடிப்பு அனுப்பும் பெட்டியான எனர்ஜைசர் நொடிக்கொரு துடிப்பு தரும். கடைசி முனையில் மீட்டர் வைத்தால் 5 கிலோவோல்ட்டாவது காட்ட வேண்டும். எனர்ஜைசர் பக்கத்தில் அளந்து திருப்திப்படுவது பழைய ஏமாற்று.

எர்த் கம்பி மூன்று அடித்தாலும் கோடையில் மண் காய்ந்தால் அதிர்ச்சி குறையும். ஆகவே ஒன்றுவிட்டு ஒரு கம்பியை எர்த்தோடு இணைத்திருக்கிறது. குரங்கு இரண்டையும் சேர்த்துத் தொட்டால் போதும், மண்ணை நம்ப வேண்டாம். 12 வோல்ட் பேட்டரி தனி. மின்வெட்டைக் குரங்கு நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடிக்கும். ‘டிக்’ சத்தம் நின்றதா என்று காது கொடுத்துக் கேட்கும் ஒன்று எல்லாக் கூட்டத்திலும் இருக்கும்.

ஜூலை 14

ஒரு பூங்காவிலிருந்து மூன்று பெண்ணும் ஓர் இளங்குட்டியும், இன்னொன்றிலிருந்து ஆண். இரவுப் பயணம். தனித்தனிப் பெட்டி, குட்டி மட்டும் தாயோடு. காற்றுத்துளைகள் அடுத்த பெட்டியோடு ஒட்டி அடைபடாதபடி வெளியே 5 செ.மீ. கட்டைகள்.

பெண்கள் மூன்றும் ஒரே குடும்பம். இந்த இனத்தில் பெண் பிறந்த கூட்டத்திலேயே தங்கும், ஆண்தான் வெளியேறும். அந்நியப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்ப்பது சண்டையை விலைக்கு வாங்குவது. ஆணின் வம்சவழியைப் பதிவேட்டில் பார்த்து, இரத்த உறவில்லை என்று உறுதிசெய்த பிறகே எடுத்தது.

தனிமைக்காலம் 30 நாள். தனிப் பணியாளர், தனிச் செருப்பு, தனி வாளி.

ஜூலை 19

காசநோய்ச் சோதனை. மேல் இமையின் ஓரத்தில் தோலுக்குள் டியூபர்குலின் என்ற சோதனை மருந்து ஊசி. 24, 48, 72 மணியில் பார்க்க வேண்டும். வயிற்றிலோ கையிலோ போட்டால் பார்க்க மறுபடி பிடிக்கணும். இமை வீங்கினால் தூரத்திலிருந்தே தெரியும். மூன்றாம் பார்வையிலும் எல்லாம் சுத்தம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. பணியாளர்களுக்கும் சளி, எக்ஸ்ரே சோதனை முடிந்தது. மனிதரிடமிருந்து குரங்குக்குப் போகும் நோய் இது.

இன்றிலிருந்து மணியடித்த பிறகே சாப்பாடு. காரணம் செப்டம்பரில் தெரியும்.

ஆகஸ்ட் 10

தீவனம். வாழைப்பழ சீப்போடு வரும் நன்கொடையாளர்களை மறுப்பதில் நேரம் போகிறது. நம் சந்தைப் பழம் இனிப்புக்காகவே வளர்த்தது. காட்டுப்பழத்தில் நாரும் புளிப்பும் அதிகம், சர்க்கரை குறைவு. இங்கிலாந்தின் பெய்ன்டன் பூங்கா 2014இல் குரங்குகளுக்கு வாழைப்பழத்தை நிறுத்தியது இதனால்தான். காட்டில் சோலைமந்தியின் முக்கியத் தீனி தருவது வெடிப்பலா என்னும் மழைக்காட்டு மரம். பூச்சி, நத்தை, மரத்தவளையும் தின்னும்.

ஒன்றுக்கு, ஒரு நாளைக்கு: பீன்ஸ், புடலை, வெள்ளரி, கேரட் 250 கிராம். கீரை, முருங்கை, அத்தி இலை 150. முளைகட்டிய பயறு 60. பழம் 80க்குள். நிலக்கடலை ஒரு சிறு கை, சருகுக்குள் தூவ மட்டும். வாரம் மூன்று நாள் அரை முட்டை. நான்கு வேளையாக, குரங்கு எண்ணிக்கையைவிட இரண்டு இடம் கூடுதலாக வைக்க வேண்டும். ஒரே தட்டு என்றால் கன்னப்பையை நிரப்பிக்கொண்டு ஓடுவது மூத்தது மட்டும்தான்.

ஆகஸ்ட் 27

இரண்டு வாரமாக ஆணும் பெண்களும் வலைக்கு இருபுறமும். உதட்டைச் சப்புகொட்டுவது, பின்பக்கம் திருப்பிக் காட்டுவது, வலையோடு ஒட்டி உட்கார்ந்து பேன் பார்ப்பது: நல்ல குறிகள். இன்று முதலில் ஆணும் மூத்த பெண்ணும் மட்டும், நாற்பது நிமிடம். நாளை அடுத்தது. குட்டியின் தாய் கடைசி. புது ஆண் பிறர் குட்டியைக் கொல்வது குரங்கினங்களில் உண்டு, அவசரப்படக் கூடாது.

தண்ணீர்க் குழாயும் இரண்டு பலகையும் கைவசம். கீறல், வால்நுனிக் கடி வந்தால் பிரிக்க வேண்டாம். பிரித்தால் நாளை முதலிலிருந்து அதே சண்டை. மூன்று நிமிடம் தாண்டியும் ஒன்றை மூலையில் அமுக்கினால் மட்டும் பிரிக்கணும்.

செப்டம்பர் 9

தீவில் முதல் நாள். காலை 7 மணி, வயிறு பாதி காலி. மின்கம்பிகளில் வெள்ளை ரிப்பன், கண்ணுக்குத் தெரியட்டும் என்று. மூன்று பக்கமும் ஆள். மதியத்துக்குப் பிறகு திறக்கவே கூடாது. திரும்பி வராவிட்டால் இருட்டில் தேட வேண்டியிருக்கும்.

பெண்கள் பத்து நிமிடத்தில் வெளியே. ஆண் வாசலில் ஒன்றரை மணி நேரம். ஒன்று கம்பியைத் தொட்டு அலறியது. மற்றவை அந்த அலறலிலேயே கற்றுக்கொண்டன. 10 மணிக்கு மணியடித்ததும் நான்கு உள்ளே, இளங்குட்டி மட்டும் பட்ட மரத்தில். தாய் இருக்கும் அறையைத் திறந்தே வைத்தோம். இருபது நிமிடத்தில் வந்தது.

செப்டம்பர் 28

பார்வையாளர் அனுமதி. சிறுத்தையைத் தேடி வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், இருக்கட்டும். பலகையில் ஒரே ஒரு செய்தி பெரிதாக: பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். குரங்கு அதை வம்புக்கு இழுப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடும்.

அக்டோபர் 21

வடகிழக்குப் பருவமழை. வழிகுழாயில் இச்சி இலை அடைத்து அகழி நீர் 22 செ.மீ. ஏறியது. அதாவது சுவர் 22 செ.மீ. குள்ளமானது. குழாய்வாயில் கூடை வலை, காலையும் மாலையும் துப்புரவு, சுவரில் சிவப்புக் கோடு. நீர் கோட்டைத் தொட்டால் குரங்குகள் உள்ளே.

வெளியிலிருந்து நாட்டுக்குரங்குகள் வரத் தொடங்கிவிட்டன. உள்ளே இருப்பது வெளியேறக் கூடாது என்றே வேலி போட்டோம், வெளியே இருப்பது உள்ளே வரும் என்று யோசித்தது குறைவு. தீவனம் போனால் போகட்டும். நோய் வரும், நாட்டுக்குரங்கோடு சேர்ந்து கலப்புக் குட்டியும் பிறக்கலாம். கட்டடத்தின் பின்சுவரில் வெளிநோக்கி இரண்டு கம்பி கூடுதலாக இழுத்தாயிற்று. காலைத் தீவனம் இனி இரவறைக்குள் மட்டும். புங்கமரத்தின் தென்கிளை கூரைக்கு 4 மீட்டரில் நிற்கிறது. நாளை ஏணி வருகிறது.