திறன் வகுப்பு நாட்குறிப்பு: எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது

ஜனவரி 6, செவ்வாய்

டி.பி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, கட்டுக்கடங்காத உணர்ச்சிகளையும் தன்னைக் காயப்படுத்தும் உந்துதலையும் சமாளிக்கும் திறன்களைக் கற்றுத்தரும் மனநலச் சிகிச்சை. அதன் குழு வகுப்பு, அமெரிக்காவின் சியாட்டிலில் உளவியலாளர் மார்ஷா லினஹன் வகுத்த வடிவத்தில், வாரம் ஒரு முறை, இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம் நடக்கும். ஒரு சுற்றுக்கு 24 வாரம். நடத்த இரண்டு பேர் வேண்டும்.

ஒரு மாவட்டத் தலைநகரத்தில் இதைத் தமிழில் நடத்தப் போனால் முதலில் இடிப்பது நேரம்தான். வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு வந்து உட்காருபவருக்கு எட்டரை மணிக்குப் பேருந்து இருக்கிறதா? தமிழகத்தில் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. ஆனால் வெளியூர்ப் பேருந்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே இடம் பார்க்கும்போது வாடகையை மட்டும் கணக்குப் போட்டால் போதாது, எந்த வண்டி எத்தனை மணி வரை ஓடுகிறது என்றும் கேட்க வேண்டும்.

வகுப்பை 90 நிமிடமாகக் குறைக்கலாம். எங்கே வெட்டுவது என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். கை தானாகப் போவது வீட்டுப்பாடம் பார்க்கும் முதல் பாதிக்கு. அதை வெட்டினால் மிஞ்சுவது சொற்பொழிவு. புதுப் பாடத்தைப் பாதியாக்குங்கள், ஒரு வாரத்துக்கு ஒரே திறன் போதும். 40 நிமிடம் வீட்டுப்பாடம், 10 நிமிடம் இடைவேளை, 35 நிமிடம் புதிது, கடைசி 5 நிமிடம் அடுத்த வாரத்துக்கான பயிற்சியை ஒவ்வொருவரும் தன் வாயால் திருப்பிச் சொல்ல. சுற்று நீளும், நீளட்டும்.

ஜனவரி 9, வெள்ளி

தினப்பதிவு அட்டை. வழக்கமான அட்டையில் ஒரு நாளுக்கு ஒரு வரிசை இருக்கும். மனவேதனை 0 முதல் 5 வரை, தன்னைக் காயப்படுத்தத் தோன்றும் உந்துதல் 0 முதல் 5 வரை, அன்று கையாண்ட திறன், இப்படிப் பல கட்டங்கள். ஏ4 தாளில் பொடி எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தால் பாதிப் பேர் வெறும் தாளோடு திரும்பி வருவார்கள். எழுத வராதவர்கள் சிலர்தான். வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்ற பயம்தான் பலருக்கு.

இதற்குத் தோதானது சுவரில் தொங்கும் மாதக் காலண்டர். தேதிக் கட்டத்தின் இடது மூலையில் வேதனைக்குப் புள்ளி, வலது மூலையில் உந்துதலுக்குப் புள்ளி, திறனைக் கையாண்டிருந்தால் கீழே ஒரு கோடு. பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் குறிப்புகளுக்கு நடுவே இது யார் கண்ணையும் உறுத்தாது. வகுப்புக்கு வரும்போது காலண்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்தால் போதும். எல்லாப் புள்ளிகளையும் வகுப்பு வாசலில் நின்று ஒரே மூச்சில் வைப்பவர்களும் உண்டு. ஒரே பேனா, ஒரே அழுத்தம், பார்த்தாலே தெரிந்துவிடும். திட்ட வேண்டியதில்லை. எந்த நேரத்தில் வைத்தால் நினைவிருக்கும் என்று பேசி முடிவு செய்யலாம். இரவு மாத்திரையோடு சேர்த்து வைத்துக்கொண்டால் பெரும்பாலும் நிலைக்கும்.

ஜனவரி 20, செவ்வாய்

முழுக்கவனப் பயிற்சி, அதாவது மைண்ட்ஃபுல்னஸ். 'கண்ணை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள்' என்று தொடங்குவது சம்பிரதாயமாகிவிட்டது. வன்முறையை அனுபவித்தவருக்கு அந்நியர் நடுவே கண் மூடுவதே கலவரம். ஆஸ்துமா, பீதித் தாக்குதல் உள்ளவருக்கு மூச்சைக் கவனிக்கச் சொன்னால் மூச்சு முட்டும். காது கேளாதவர் கண்ணை மூடினால் சைகை மொழிபெயர்ப்பாளரே மறைந்துபோவார்! அதனால் கண்ணைத் திறந்தபடி, கையில் நாலு புளியங்கொட்டை. வழவழப்பு, எடை, ஓரத்தின் கூர் என்று விரலில் படுவதை மட்டும் கவனிக்க வேண்டும். முதல் வாரம் ஒரு நிமிடம் போதும்.

ஜனவரி 27, செவ்வாய்

நெருக்கடி நேரத்தை மோசமாக்காமல் கடக்கச் சொல்லித்தரும் 'துன்பம் தாங்கும்' பாடப் பகுதியில் குளிர்நீர்த் திறன். உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போது மூச்சை அடக்கி, குனிந்து, கண்ணும் கன்ன மேடும் படும்படி குளிர்ந்த நீரில் சுமார் 30 விநாடி முகத்தை வைப்பது. நீரில் மூழ்கும்போது உடம்பில் நேரும் அதே அனிச்சைச் செயல்தான் இங்கும் இதயத் துடிப்பைக் குறைக்கிறது. நீர் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகக் கூடாது.

பலிக்காமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் நம் ஊர் வெயிலில் வெந்நீராகத்தான் இறங்கும். சிலர் நின்றபடியே முகத்தைக் கழுவிவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். குனியவும் இல்லை, மூச்சை அடக்கவும் இல்லை. ஃப்ரிட்ஜ் இருந்தால் ஜிப் உறையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, மெல்லிய துணி சுற்றி, குனிந்து கண்மேல் அழுத்தலாம். இல்லாத வீட்டில் பானைத் தண்ணீரில் நனைத்த துண்டு. பலன் குறைவுதான், ஆனாலும் செய்யலாம். அமைதி சில நிமிடங்களே நிற்கும் என்பதால் உடனே 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து 6 எண்ணும்வரை விட வேண்டும். விநாடிக்கு ஓர் எண் என்றால் நிமிடத்துக்கு 6 மூச்சு.

இதயநோய் உள்ளவர்கள், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்கள், உணவை ஒதுக்குவது போன்ற உண்ணல் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. இதை வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். சேர்க்கும்போதே தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பயிற்சித் தாள்கள். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளைப் பார்வையற்றவரின் திரைவாசிப்பான் ஆங்கில எழுத்துக் குப்பையாக வாசிக்கும். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். என்றால் வாயே திறக்காது. பாமினிக் கோப்பை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம், ஸ்கேன் தாளை யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்யலாம். படிக்க வராதவருக்கும் சேர்த்து, தாளுக்கு ஒன்றாக இரண்டு நிமிடக் குரல்பதிவு.

வாட்ஸ்அப் குழு வேண்டவே வேண்டாம். எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும், சிறிய ஊரில் அதுவே ஆளை நிறுத்திவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பலாம். ஆனால் வகுப்பின் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைக்காதவருக்கு அது போய்ச் சேராது. முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்து சேமிக்கச் செய்யுங்கள், ஏதோ தையல் வகுப்பு மாதிரிப் பெயர் வைத்தாலும் சரி. அவசரத்துக்கு 24 மணி நேரமும் இயங்கும் அரசு மனநல உதவித் தொலைபேசியான டெலிமனஸின் எண் 14416-ஐயும் அப்போதே பதிந்துவிடலாம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவரிடம் கேட்க நாலு கேள்வி போதும். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்ததா? செய்ய மனம் இருந்ததா? செய்யும் நேரத்தில் நினைவு வந்ததா? வந்தும் எது தடுத்தது? எந்தக் கேள்விக்கு 'இல்லை' வருகிறதோ அங்கேயே நின்று, அந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவதில் 'இல்லை' என்பவரிடம் அலாரம் வைக்கச் சொல்லிப் பயனில்லை.

தொடர்ந்து நான்கு வாரம் வராதவர் அந்தச் சுற்றிலிருந்து விலக வேண்டும் என்ற விதியைத் தளர்த்தச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். அதில் கை வைக்காதீர்கள். அந்த விதி இருப்பதால்தான் மூன்று வாரம் தவறியவர் நான்காம் வாரம் வந்துவிடுகிறார். அதற்குப் பதில், மூன்றாவது வாரம் தவறிய மறுநாளே தொலைபேசியில் கூப்பிடும் பொறுப்பை உதவி நடத்துநரிடம் கொடுத்துவிடுங்கள். புதியவர்களைச் சேர்ப்பது முழுக்கவன வாரங்களில் மட்டும். ஒரு சுற்றில் அது மூன்று முறை வரும், காத்திருப்போர் பட்டியலும் அதற்குத் தக்கபடி நகரும்.