சொட்டுக் கணக்கு

அக்டோபர் 24
நேற்றும் அதே கதைதான். குன்னூரிலிருந்து காரில் இறங்கும்போது மரப்பாலம் என்ற ஊரைத் தாண்டும் முன்பே அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "நாத்தம் தலைக்கு ஏறுது கண்ணு." பர்லியாரில் ஓரம் கட்டினேன். இறங்கி டீ குடித்து பத்து நிமிடம் நின்றதும் வலி குறைந்துவிட்டதாம். இறங்கினால் குறைகிறது என்றால் கோளாறு காரில்தான். வேறெதிலும் இல்லை.

அக்டோபர் 26
ராத்திரி காருக்கு அடியில் தினத்தாள் விரித்து வைத்தேன். காலையில் மூன்று பொட்டு. முன்னால் டைமிங் கவருக்குக் கீழே கடுகளவு. இடதுபக்கம், புகைக் குழாய்கள் சேரும் மேனிஃபோல்டுக்கு நேர் கீழே ஒரு நீளக் கறை. இன்ஜினின் பின்முனையில் பெல் ஹவுசிங் அடியில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்தில் ஒன்று, கருகரு என்று. பேப்பரில் தேதி எழுதி மடித்து வைத்தேன்.

அக்டோபர் 27
டீசலும் பழைய பிரஷும் வைத்து இன்ஜினை முழுக்கக் கழுவித் துடைத்தேன். காய்ந்ததும் அம்மாவின் பவுடரைத் தூவிவிட்டு இருபது நிமிடம் ஓடவிட்டேன். கசிவு எங்கே ஆரம்பிக்கிறது என்று பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். காட்டியது. மேனிஃபோல்டுக்குப் பின்னால், ஒளிந்திருப்பது மாதிரி இரண்டு டேப்பட் கவர்கள், இன்ஜினின் பக்கவாட்டை மூடும் தகடுகள். பின்பக்கத்துக் கவரின் அடி ஓரம் முழுக்க ஈரம். அங்கிருந்து வழிந்து சுடச்சுட இருக்கும் சைலன்சர் பைப்பில் விழுகிறது. எரிந்த ஆயில் நாற்றத்துக்கு ஊர் பெயர் தெரிந்துவிட்டது.

"என் பவுடரைப் போட்டியா? போகட்டும், அதுக்காச்சும் மூஞ்சி வெளுக்கட்டும்" என்றாள் அம்மா.

அக்டோபர் 29
மழை. ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 1
மெக்கானிக் பாய் வந்தார். டேப்பட் கவருக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கார்க் பிஸ்கட் மாதிரி உடைந்து வந்தது. எவனோ போல்ட்டை இறுக்கு இறுக்கென்று இறுக்கியதில் தகடே வளைந்திருக்கிறது. (எவனோ இல்லை, நான்தான். பாயிடம் சொல்லவில்லை.) மரக்கட்டையில் வைத்துத் தட்டி நிமிர்த்திப் புது கார்க் போட்டோம்.

பின்னால் சொட்டுவதற்கு மருந்து இல்லை என்றார். 1489 சிசி பி.எம்.சி. என்ற இந்தப் பழைய பிரிட்டிஷ் இன்ஜினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. ஆயிலைத் திருப்பி உள்ளே தள்ள ஒரு மரை வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். "சுத்துறப்ப தள்ளும் தம்பி. நின்னா என்ன பண்ணும், வழியும்." பிறகு ஷெட்டின் சரிவைப் பார்த்தார். "மூக்கைத் தூக்கி நிறுத்தினா ஆயில் பூரா பின்னாடிதானே போகும். திருப்பி நிறுத்து."

நவம்பர் 2
திருப்பி நிறுத்தினேன். பொட்டு பாதி.

அப்பா தினமும் ராத்திரி வண்டியை ரிவர்ஸில்தான் ஷெட்டுக்குள் விடுவார். மழையிலும் மூடுபனியிலும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு. காலையில் சட்டென்று கிளம்பத்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

நவம்பர் 7
நேற்று கோவை. எரிந்த ஆயில் நாற்றம் இல்லை. தலைவலி இருந்தது.

திரும்பும்போது குன்னூர் ரோட்டில் மண் சரிவு என்று கோத்தகிரி வழியாகத் திருப்பிவிட்டார்கள். அரவேணு வரும்போது இருட்டிவிட்டது. அக்கா போனில் அம்மாவின் ஃபைலைப் பற்றிக் கேட்டாள். வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன் என்றேன். மேனிஃபோல்டிலிருந்து புகையைக் கீழே இறக்கும் டவுன் பைப்பின் ஜாயின்ட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 8
சைலன்சர் வாயைத் துணியால் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு பானெட்டுக்குள் காதை வைத்தேன். உஸ்ஸென்று சத்தம். டவுன் பைப் சேரும் இடத்தில் கரி படிந்திருக்கிறது. கேஸ்கெட் மாற்றியாயிற்று. இதுதான். இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நவம்பர் 9
இது மட்டும் இல்லை. பாய் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்த்தார். 92, 90, 68, 94. மூன்றாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுப் பார்த்தால் 84. அப்படி ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். மற்ற மூன்றும்கூட குறைச்சல்தானே என்று வயிற்றைக் கலக்கியது. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குன்னூர் 1,850 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே 92 என்றால் சென்னையில் 115 காட்டும். எந்த ஊரில் அளக்கிறோம் என்று தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது. அந்த ஃபைலில் இருக்கும் எண்களையும்

பிரீதர் பைப்பைக் கழற்றினோம். உள்ளே தார். ரிங் வழியாக இறங்கும் காற்று வெளியேற வழியில்லாமல், கிடைத்த சந்திலெல்லாம் ஆயிலைத் தள்ளியிருக்கிறது. எல்லா கேஸ்கெட்டையும் திட்டினேனே, பாவம்.

நவம்பர் 11
ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி ஏதோ. ஹெட் கேஸ்கெட் போய் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று காலை முழுக்கக் கலக்கம். ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தம். குளிரில் கடைக்கும் வீட்டுக்குமாக ஓட்டினால் ஈரம் வற்றாமல் இப்படித் திரளும், துடைத்துப் போடு என்றார் பாய்.

நவம்பர் 13
மூக்கை நம்பிப் பயனில்லை. நாறுவது பெட்ரோலும் ஆயிலும்தான். புகையில் இருந்து ஆளைச் சாய்க்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமே கிடையாது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். அறிகுறி: தலைவலி, வாந்தி வருகிற மாதிரி இருப்பது, அசதி. மூன்றும் அம்மாவுக்கு இருக்கிறது. இதைப் படித்து யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன். அதை அளக்கும் மீட்டர் ஆர்டர் செய்தேன்.

நவம்பர் 16
மீட்டர் வந்தது. அம்மா வழக்கமாக உட்காரும் இடத்தில், பின்சீட்டின் இடது மூலையில், செல்லோடேப் போட்டு ஒட்டி, தனியாக பர்லியார் வரை இறங்கி ஏறினேன். இறங்கும்போது 6, 8. ஏறும்போது 41. ஜன்னல் திறந்திருக்கும்போதே 41. மூடிவிட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் 12-க்கு இறங்கியது. மறுபடி திறந்தேன், 30, 38. நம்ப முடியாமல் மரப்பாலத்துக்கும் பர்லியாருக்கும் நடுவே மூன்று தடவை போய் வந்தேன். சுண்டல் விற்கிற அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இவ்வளவுதான். வண்டி போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்று வெற்றிடம் மாதிரி சுழல்கிறது. சைலன்சர் புகை போய்விடாமல் அதிலேயே சுற்றுகிறது. ஜன்னலைத் திறந்தால் அது உள்ளேயிருக்கும் காற்றை வெளியே உறிஞ்சுகிறது. அந்தக் குறையை நிரப்ப டிக்கி இடுக்கு வழியாகப் புகை உள்ளே வருகிறது. பின்சீட்டுக்குப் பின்னால் இருப்பது வெறும் அட்டை. அட்டைக்கு இந்தப் பக்கம் அம்மாவின் தலை.

"காத்து வேணுமா அம்மா?" என்று ஒவ்வொரு தடவையும் நானேதான் கண்ணாடியை இறக்கிவிட்டிருக்கிறேன்.

நவம்பர் 17
இருட்டியதும் டார்ச்சை எரியவிட்டு டிக்கிக்குள் வைத்துப் பூட்டினேன். நல்ல மூடுபனி. இடது கீழ் மூலையில் விரல் நீளத்துக்கு வெளிச்சம் கசிந்து, பனியில் வெள்ளைக் கம்பி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அழகா இருக்குடா" என்றாள்.

நவம்பர் 18
டிக்கி மூடியின் ஓரத்துக்குப் புது ரப்பர் பீடிங். நம்பர் பிளேட் ஒயர் போகும் ஓட்டைக்கு ரப்பர் புஷ். அட்டைக்குப் பதில் பிளைவுட். கிளட்ச், பிரேக் பெடல் துளைகளுக்கும் புது ரப்பர்.

நவம்பர் 19
கார்புரேட்டர் நட்டை இரண்டு முகம் மேலே ஏற்றினேன். கீழே சமவெளியில் வைத்த செட்டிங் மலைக்கு ரிச், காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல். ஏறும்போது கறும்புகை வருவதும் மோனாக்சைடு கூடுவதும் அதனால்தான். இப்போது ஐடிலிங் சீராக இருக்கிறது.

நவம்பர் 20
போக 0. வர 0. அம்மா மேட்டுப்பாளையம் வரை தூங்கினாள்.

டாக்டர் இந்தத் தடவை நிறைய நேரம் பேசினார்.

நவம்பர் 24
தினத்தாளில் ஒரே பொட்டு. கடுகு.

நவம்பர் 27
காலையில் எழுந்ததிலிருந்து அம்மாவுக்குத் தலைவலி. வாந்தி. கார் ஒரு வாரமாக ஷெட்டை விட்டு நகரவில்லை.

மீட்டரைக் கழற்றி வந்து சமையலறையில் வைத்தேன். 0. அம்மாவின் அறையில், 0. வெந்நீர் போடும் இடத்தில், 0. புது பேட்டரி போட்டுப் பார்த்தேன்.

நவம்பர் 30
கல்லார் தாண்டி ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நீலப்புகை வருகிறதே, அதை யாரும் பார்க்கவில்லை. இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கில் வரும்போது வால்வு கைடு வழியாக ஆயில் உறிஞ்சும். அதையும் சரி பண்ண வேண்டும். பாய்க்கு போன் செய்தேன். "அது தலைவலி தராது தம்பி" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.

டிசம்பர் 2
டிக்கி பீடிங்கை மறுபடி பிரித்து ஒட்டினேன்.

டிசம்பர் 3
அக்கா வந்திருக்கிறாள். ஃபைலைப் படித்தாள். நாளை நாலரைக்குக் கிளம்ப வேண்டும். ஆயில், தண்ணீர், டயர் பார்த்தாயிற்று. வண்டி மூக்கை இறக்கத்துக்குக் காட்டி நிற்கிறது. பை டிக்கியில். நாலு நாள் துணி என்று சொன்னார்கள், அம்மா பத்து நாளுக்கு எடுத்து வைத்திருக்கிறாள்.