சோட்டானிக்கரை கீழ்க்காவில் குருதி பூஜை

எர்ணாகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சோட்டானிக்கரைக்குப் போகிறவர்கள் பலரும் மேல்காவு என்னும் மேல் கோயிலின் பகவதியைத் தொழுதுவிட்டு மதியத்துக்குள் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே விடியற்காலை நிர்மால்ய தரிசனம் முக்கியம்தான். தங்கக் கவசம் சார்த்துமுன் செங்கல் நிறச் சுயம்புக் கல்லாக அம்மனைக் காணலாம். பிறகு காலையில் வெள்ளாடைச் சரஸ்வதி, உச்சியில் செவ்வாடைப் பத்ரகாளி, மாலையில் நீல ஆடைத் துர்க்கை. ஆனால் ஏவல், பில்லி, சூனியம் என்று ஊர் ஊராகப் பேசப்படுகிற சோட்டானிக்கரையைப் பார்க்க இரவு வரை காத்திருந்து, குளத்தைத் தாண்டிப் படியிறங்கிக் கீழ்க் கோயிலான கீழ்க்காவுக்குப் போகவேண்டும்.

கீழ்க்காவில் முதலில் கண்ணில் படுவது பாலை மரம். அடிமரமெங்கும் நீள இரும்பு ஆணிகள். யட்சி குடியிருக்கும் மரம் என்று கேரளத்தில் சொல்லப்படுவது இந்தப் பாலைதான். பீடித்ததைப் பிரித்து மரத்தில் கட்டிவைப்பதே ஆணியின் நோக்கம். மந்திரவாதிகள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்த வேலை இங்கே எல்லார் கண்ணெதிரிலும் நடந்திருக்கிறது.

மந்திரம் வேறு, வழிபாடு வேறு என்ற பிரிவினை ஆதியில் அவ்வளவு கறாராக இல்லை. சங்க காலத்தில் முருகனின் பூசாரியான வேலன் இரண்டும் செய்தவன். கழங்குக் காய்களைப் போட்டு நோயின் காரணம் சொன்னான், முருகன் ஏறி வெறியாடினான், பலியும் கொடுத்தான். அவன் கணிப்பு தவறியதையும் சங்கப் பாட்டே சொல்கிறது. தலைவிக்கு வந்தது காதல் நோய், தன்னால் வந்ததல்ல என்று தெரிந்தும் வேலன் வேண்டியதால் வெறியாட்டுக் களத்துக்கு வந்த முருகனிடம், ‘நீ கடவுளாகவே இரு, ஆனாலும் அறியாதவன்தான்’ என்று தோழி சொல்லும் பாட்டு நற்றிணையில் 34-வது. திருமுருகாற்றுப்படையின் வெறியாட்டுக் களத்தில் கிடாயின் குருதி கலந்த வெள்ளரிசி பலியாகிறது. அடுத்த வரியிலேயே பசுமஞ்சளும் தெளிக்கப்படுகிறது. கீழ்க்காவின் இரவைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு பொருள்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இங்கே பலியின் பெயர் இன்றும் ‘குருதி’. பாத்திரத்தில் இருப்பதோ மஞ்சள்.

மேல்காவில் அத்தாழ பூஜை என்னும் இரவு பூஜை முடிந்து நடை சாத்தியபின், எட்டரை மணிக்கு மேல் வலிய குருதி, அதாவது பெரிய குருதி, தொடங்கும். முன்பு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நடந்தது. இப்போது தினமும் உண்டு. பன்னிரண்டு பெரிய பாத்திரங்களில் தண்ணீர் நிரப்பி மஞ்சள்பொடியும் சுண்ணாம்பும் கலக்கிறார்கள். மஞ்சளின் நிறச்சத்து காரத்தில் சிவக்கும் என்பதால் வேறு சாயம் எதுவும் தேவையில்லை. எந்தக் காவில் குருதி கலந்தாலும் பிசகு பெரும்பாலும் சுண்ணாம்பில்தான் வரும். புதிதாக நீற்றியது சட்டென்று சிவக்க வைக்கும். திறந்து கிடந்து காற்றுப்பட்ட சுண்ணாம்பு காரம் இழந்துவிடும். எவ்வளவு போட்டாலும் மங்கலான ஆரஞ்சுக்கு மேல் ஏறாது. மஞ்சள் அதிகமானாலும் நிறம் ஆரஞ்சுப் பக்கம் சாயும். கேரளக் கோயில்களில் விலங்கு, பறவை பலியைத் தடுக்கும் சட்டம் 1968-ல் வந்தது. அதற்கு முன்பே இந்த மாற்றுக் குருதி வழக்கில் இருந்தது.

மாறியது ரத்தம் மட்டும் அல்ல. மாந்திரீகத்தில் ஆறு கர்மங்கள்: சாந்தி, வசியம், தம்பனம் (செயலற வைப்பது), வித்வேஷணம் (பகை மூட்டுவது), உச்சாடனம் (விரட்டுவது), மாரணம் (கொல்வது). தமிழ் மரபில் எட்டு என்பார்கள். கடைசியில் நிற்கும் மாரணம் ஓர் ஆளைக் குறிவைத்துச் செய்வது. அந்த ஆளின் பெயர் இல்லாமல் நடக்காது. கேரளக் கோயில்களில் அந்த இடத்தில் இன்று சத்ரு சம்ஹார அர்ச்சனை இருக்கிறது. அதற்கான சீட்டில் வேண்டிக்கொள்பவரின் பெயர், நட்சத்திரம் மட்டுமே எழுதுவார்கள். எதிராளி யாரென்று யாரும் கேட்பதில்லை. மந்திரவாதம் கோயிலுக்குள் வந்ததும் முதலில் பல் பிடுங்கப்பட்டது இங்கேதான் என்று தோன்றுகிறது.

பீடை தீர நாள் கணக்கில் கோயிலில் தங்கிப் பஜனம் இருப்பவர்களை அழைத்துவரும் குடும்பத்தார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையை ‘அம்மன் பார்த்துக்கொள்வாள்’ என்று நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் நோய் திரும்பி முற்றலாம். அதை ஆவேசம் என்று எடுத்துக்கொண்டு நாள் கடத்துவார்கள்.

வலிய குருதிக்குக் கூட்டம் நெருக்கும். பாத்திரங்களை ஒட்டி நின்றால் வேட்டியில் தெறிக்கும். சோப்புப் போட்டால் கறை இன்னும் சிவக்கும், சோப்பும் காரம்தான். எலுமிச்சை தேய்த்தால் மஞ்சளாகும். நனைத்து வெயிலில் இரண்டு மூன்று நாள் காயப்போட்டால் வெளுத்துவிடும்.