சின்னத்துரையும் கப்டன் குக்கும்

அப்பா 31 வருஷம் கணக்கப்பிள்ளை. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். விடியற்காலை தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் போடுவதில் தொடங்கி, அந்தியில் கொழுந்து நிறுத்து, ராத்திரி செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டை எழுதி முடிப்பார். அவருக்கு மேலே வந்ததெல்லாம் கிரீப்பராக, அதாவது வேலை பழகும் சின்னத்துரையாக (உதவித் தோட்டத்துரை), நுழைந்த இருபது வயதுப் பையன்கள். எந்த மலைக்கு எப்போது கவ்வாத்து, அதாவது செடி வெட்டு, என்று அவரிடமே கேட்டுப் பழகி, ஆறு மாதத்தில் அவருக்கே உத்தரவு போடுவார்கள். "சின்னதொர படிச்சவரு" என்பார் அப்பா, கோபமே இல்லாமல். எனக்குத்தான் வயிறு எரியும்.

போன வாரம் பழைய பிரிட்டிஷ் கடற்படை பற்றி வாசித்தேன். பசிபிக் கடலை ஆராய்ந்த கப்டன் ஜேம்ஸ் குக், பண்ணைக் கூலியின் மகன். 1755இல் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். இரண்டே வருஷத்தில் கப்பலைத் திசை பிடித்து ஓட்டும் மாஸ்டர். ஆனால் அது வாரண்ட் பதவிதான், லெப்டினன்ட் முதலான அதிகாரி வரிசைக்குக் கீழே. நியூபவுண்ட்லாந்துக் கரையை வருஷக்கணக்கில் அளந்து வரைந்த பிறகு, 1768இல், 39 வயதில்தான் லெப்டினன்ட் ஆக்கினார்கள். பிற்காலத்தில் பேர்பெற்ற அட்மிரல் நெல்சனோ 12 வயதில் தாய்மாமன் கப்பலில் ஏறியவர். 18இல் லெப்டினன்ட், 20இல் கப்டன். லெப்டினன்ட் ஆனபோது மாமா கடற்படை நிர்வாகத்தில் பெரிய தலை. சரி, நெல்சன் திறமைசாலிதான், யார் மறுத்தது?

அப்பாவிடம் சொன்னேன். தோட்டம் கொடுத்த குவார்ட்டர்ஸை அவர் காலி பண்ணி மூன்று மாதம்தான் ஆகிறது.

"அந்தக் குக்குக்குக் கடைசியில வீடு குடுத்தாங்களா தம்பி?"

"1775ல கிரீனிச்சில ஒரு பதவி குடுத்து, தங்க இடமும் குடுத்தாங்கப்பா. அவருதான் இருக்காம மறுபடி கப்பலேறிட்டாரு."

"அப்ப நல்ல தோட்டந்தான்" என்றார்.