தரங்கம்பாடியில் ஒரு பிற்பகல்

வெயிலில் கூசிய கண்கள், 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தரங்கம்பாடியின் புது எருசலேம் ஆலயத்தினுள் நுழைந்ததும் சற்று நேரம் எதையும் காணவில்லை. காது மட்டும், தடித்த சுவர்களுக்கு அப்பால் மெலிந்து கேட்ட அலையோசையைப் பற்றிக்கொண்டது. முகப்பில், அன்று இவ்வூரை ஆண்ட டென்மார்க்கின் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முடிச்சின்னம் இருந்தாலும், என்னை நிறுத்தியது பலிபீடத்தின் முன்னுள்ள, ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவின் கல்லறைதான். 1706இல் கப்பலிறங்கி, சிறுவர்களோடு மணலில் அமர்ந்து தமிழ் எழுத்துகளைப் பழகி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய அவர், ஆலயம் எழுந்த மறு ஆண்டே 36 வயதில் மறைந்தார். செருப்பை வாசலில் விட்டு வந்ததால் (நம் ஊர் ஆலயங்களின் இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்) தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. உப்புக்காற்றில் பொரிந்த சுண்ணப்பூச்சு விரல் பட்டதும் மாவாய் உதிர்ந்தது. அதன்பின் எதையும் தொடாமல், காவலாளி சாவிக்கொத்தை அசைக்கும்வரை அங்கேயே அமர்ந்திருந்தேன்.