குளியலறைக்குள் டிபி பாக்ஸ்

மலேசியாவில், ஜெலுத்தோங் பக்கம் பழைய வீடுகளுக்கு வயரிங் வேலைக்குப் போனால், சில இடங்களில் டிபி பாக்ஸ், அதாவது வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பிரேக்கர் பெட்டி, குளியலறைக்குள்ளேயே இருக்கிறது. பின்கட்டை நீட்டிக் கட்டியவர்கள் பெட்டியை நகர்த்தவில்லை. நீராவி புகுந்து செம்பு முனைகள் பச்சை பூத்துவிடும், இணைப்பு கெட்டுச் சூடேறும். எனக்கு அதுதான் பெரிய பயம்.

அமெரிக்க விதி, வீட்டுக் குளியலறையில் பிரேக்கர் பெட்டி வைப்பதையே தடுக்கிறது. ஐஇசி என்ற சர்வதேச மின் தர முறையில், குளியல் தொட்டியிலிருந்து 60 சென்டிமீட்டருக்குள் சாதாரண பிளக் பாயின்ட்கூடக் கூடாது.

வாட்டர் ஹீட்டருக்கு, 10 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி தனியாக வேண்டும். மெயினில் 100 மில்லிஆம்பியர் இருக்கிறதே என்பார்கள். ஈரக் காலோடு நிற்கும் உடம்பை அது காப்பாற்றாது.

பெட்டியை மாற்றச் செலவாகும், சரி. “முதலில் இதை வெளியே எடுப்போம் அக்கா, ஹீட்டரை அப்புறம் மாட்டலாம்” என்றுதான் சொல்வேன்.